வெள்ளை அடிக்காத பி புளோக்

சிலிபின், ஈப்போ.
ஞாயிற்றுக்கிழமை, ஜூன் மாதம்.

அன்பு மகன் பவித்ரனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் அந்த அபெர்டீன் குளிரில் தடுமன் காய்ச்சல் ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்க மாரியம்மாள் துணையிருக்கட்டும். போன் இருக்கும்போது அம்மா ஏன் பேனாவை எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்றைச் சொல்லத் தொடங்கி நடுவுக்கு வருவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, எனக்கு அடுப்பில் பால் பொங்கிவிடுகிறது. இது பாதியில் நிறுத்தினால் கெட்டுப்போகிற விஷயம். வீட்டைக் குளிர்விக்க ஏர்கோன் வாங்கித் தருகிறேன் என்று நீ ஆசையாகச் சொன்னபோது வேண்டாம் என்றேன், அதிலிருந்து உன் குரலில் ஒரு வாட்டம் இருக்கிறது, பெற்றவளுக்குத் தெரியாதா. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் உனக்குப் பதறும் ஒரு இடம் வரும், பயப்படாமல் மேலே படி, எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்திருக்கிறது.

சீனப் பெருநாள் முடிந்த கையோடு நம் பிளாட்டுக்கு ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. அதை நடத்துகிறவள் மாதுமை என்று ஒரு பெண், சிலோன்காரர் வீட்டுப் பிள்ளை, காம்பாரில் வாடகைக்கு இருக்கிறாள், பழைய கட்டடங்களைப் பற்றியே படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள், உன்னைவிட இரண்டொரு வயது மூத்தவளாக இருப்பாள். அவள் கையில் ஒரு கேமரா. அதில் சூடு மட்டும்தான் தெரியும், சூடான இடம் சிவப்பு, குளிர்ந்த இடம் நீலம். நம் ஹாலில் நின்று சுவரைக் காட்டினாள், மஞ்சளாக இருந்தது. என்னைக் காட்டினாள், ஆரஞ்சு. அப்புறம் தலைக்கு மேலே காட்டினாள் பார், தீப்பிடித்த மாதிரி ஒரே சிவப்பு. "பாத்தீங்களா அன்ட்டி, உங்களவிட உங்க சீலிங்குக்குத்தான் காய்ச்சல் அதிகம்" என்றாள். இத்தனை வருஷமாக வெயில் ஜன்னல் வழியாகத்தான் வருகிறது என்று நான் திரைக்கு மேல் திரையாகத் தைத்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். கூரைக்கு மேலே பூசியிருக்கிற கறுப்புத் தார் பகல் முழுக்க வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு, நாம் சாமி விளக்கேற்றுகிற நேரத்தில் மெதுவாக வீட்டுக்குள் இறக்குகிறதாம். சாயங்காலம் வெளியே காற்று குளிர்ந்த பிறகும் நம் வீடு ஏன் வேகிறது என்று நீ சின்ன வயதில் கேட்பாயே, நானும் "வாய மூடிட்டுப் படி" என்பேனே, பதில் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு அந்தப் பெண் வந்தால் நான் விடுவதில்லை. மைலோ கலக்கிக் கொடுத்து உட்காரவைத்துக் கேள்வியாகக் கேட்பேன். இந்த மாதிரிக் குடியிருப்புகள் எடுக்கிற கரண்டையும் அதனால் காற்றில் சேருகிற புகையையும் குறைத்துக்கொண்டே போய், ஒரு நாள் நம்மால் வானத்துக்கு எந்தக் கெடுதலும் இல்லை என்கிற நிலைக்குக் கொண்டுவர முடியுமா என்று பார்க்கிறார்களாம். அப்படியானால் இந்தப் பழைய பிளாட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிட வேண்டியதுதானே என்று கேட்டேன். "இதுல இருக்குற சிமெண்டையும் கம்பியையும் செய்யுறப்பவே புகை எல்லாம் போயிருச்சு அன்ட்டி. இடிச்சா அது வீணு, திரும்பக் கட்டுனா இன்னொரு வாட்டி புகை. இருக்குறத சரி பண்ணி வச்சிக்கிறதுதான் கெட்டிக்காரத்தனம்" என்றாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பசுமைக் கட்டடம் என்றால் கண்ணாடி பளபளக்க, சுவரெல்லாம் செடி தொங்க விளம்பரத்தில் பார்த்திருக்கிறேன். வெற்றிலைக் கறை படிந்த நம் படிக்கட்டுக்கும் அந்தப் பெயர் வரலாம் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. உங்கள் ஊரில் எப்படி? உன் வீட்டு ஜன்னலில் கண்ணாடி இரண்டு அடுக்கா மூன்று அடுக்கா? சூட்டை உள்ளே பிடித்து வைக்கச் சுவருக்குள் பஞ்சு மாதிரி ஏதோ அடைத்திருப்பார்கள் என்று மாதுமை சொன்னாள், உண்மையா? நீங்கள் பிடித்து வைக்கிறீர்கள், நாங்கள் துரத்துகிறோம், ஒரே சூடுதான், பார்.

திட்டம் இதுதான். நம் ஏ புளோக், பி புளோக் இரண்டில் ஒன்றின் கூரைக்கு மட்டும் வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைப் பூச்சு அடித்து, ஜன்னல்களுக்கு மேலே தடுப்பு வைத்து, தண்ணீர் மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் சோலார் தட்டு போடுவார்கள். மற்றதை வெயில் காலம் முடிகிறவரை அப்படியே விட்டு, இரண்டிலும் வீட்டுக்கு வீடு சின்ன வெள்ளைப் பெட்டி மாட்டிச் சூட்டை அளப்பார்கள். ஏப்ரல் முடிந்ததும் விட்டதையும் செய்து கொடுப்பார்கள். அதுவரை அந்த புளோக்கில் யாரும் கூரையைத் தொடக்கூடாது, புதிதாக ஏர்கோன் மாட்டக்கூடாது. எல்லோரையும் கூப்பிட்டு விளக்கமாகச் சொல்லி, சம்மதம் கேட்டுத்தான் செய்தார்கள். சீட்டுக் குலுக்கியதில் ஏ புளோக் வந்தது. நம் பி புளோக் தலைவர் அர்ச்சுனன் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு "நம்ம லக் எப்பவும் இப்படித்தான் லா" என்றார். இந்த வருஷ வெயில் இப்படி வரும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

ஏ புளோக்கில் வேலை முடிந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு புளோக்கையும் சேர்க்கிற பாலம் நம் மாடியிலேயே இருப்பது நல்லதாகப் போயிற்று, நீ சைக்கிள் பழகி முட்டியைப் பெயர்த்துக்கொண்ட அதே பாலம்தான். அதைத் தாண்டினால் முதல் வீடு செல்லாயி அக்கா வீடு. புருஷன் போன பிறகு தனியாகத்தான் இருக்கிறார், வாய் கொஞ்சம் நீளம், மனசு வெல்லம். மத்தியானம் சீனி கேட்கிற சாக்கில் அவர் வீட்டுக்குள் போய் நின்றேன். நம் வீட்டு மாதிரியே ஹால், அதே ஜன்னல், அதே சிவப்பு சிமெண்டுத் தரை, ஆனால் தலைமேல் யாரோ கையை எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. குளிர்ச்சி என்று சொல்லமாட்டேன், அழுத்தம் இல்லை. நான் சீலிங்கையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு "என்னாடி விமலா, சீனி மேலயா இருக்கு?" என்றார். அதற்குப் பிறகு சீனி, உப்பு, கருவேப்பிலை, ஏதாவது ஒன்று எனக்குத் தினம் தீர்ந்துபோயிற்று.

அந்தச் சமயத்தில்தான் நீ ஏர்கோன் பேச்சை எடுத்தாய். சம்மதம் கொடுத்துவிட்டு மீறக்கூடாது என்பது ஒன்று. இன்னொன்று, எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, ஏர்கோன் உள்ளே குளிர்ச்சி கொடுக்கிறதே, அந்தச் சூடு எங்கே போகிறது? கீழ் மாடியில் ஏர்கோன் வைத்திருக்கிற வீட்டின் பின்பக்கம் போய், வெளியே தொங்குகிற பெட்டிக்கு எதிரே நனைந்த துண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் நின்று திரும்புவதற்குள் துண்டு மொரமொரவென்று காய்ந்துவிட்டது. அதற்கு மேலே இருக்கிற வீட்டு அடுப்படி ஜன்னல் சாத்தியே கிடக்கிறது, பாவம், அவர்களுக்குத் திறக்க முடியவில்லை. அப்பாவிடம் சொன்னேன். அவர் "மவன் வாங்கித் தரேங்குறான், வாங்கிக்க வேண்டியதுதானே, நீ என்னா சயின்டிஸ்டா?" என்று சிரித்தார். அவர் சிரித்தாரே தவிர, மார்ச் மாதம் அவருக்கு ரொம்பக் கஷ்டம். இருதயம் பலவீனமானதிலிருந்து தண்ணீரை அளந்துதான் குடிக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வெயிலோ நாக்கை வறட்டுகிறது. படி இறங்கினால் ஏற முடியாது என்று கீழேயும் போவதில்லை. முகத்தில் ஈரத் துணியைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், கேட்டால் "இருக்கேன் லா" என்பார்.

இப்போது பதறாமல் படி. ஒரு மத்தியானம் நான் காயப்போட்ட துணியை எடுக்கப் போயிருந்தேன், திரும்பி வந்தால் அப்பா நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் கிடக்கிறார். கண் திறந்திருக்கிறது, கூப்பிட்டால் பதில் இல்லை. தோல் காய்ந்து கொதிக்கிறது. நான் போட்ட சத்தத்தில் அர்ச்சுனன் அண்ணன் கைலியோடு ஓடிவந்தார், எதிர் வீட்டு மலாய்க்காரரும் வந்தார், அப்பாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு படி இறங்கினார்கள். நான் பின்னாலேயே ஒரு கையில் மருந்துப் பை, இன்னொரு கையில் அவர் செருப்பு. செருப்பை எதற்கு எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் சூடு தலைக்கேறியது என்று உடம்பைக் குளிர்வித்து, ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றி, சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். உன்னிடம் அப்போது சொல்லவில்லை, அப்பா வேண்டாம் என்றார். நீ அங்கிருந்து விமானம் ஏறிவிடுவாய் என்ற பயம் அவருக்கு.

வீட்டுக்கு வந்த அன்று உனக்குப் போன் செய்து ஏர்கோனுக்குச் சரி என்று சொல்லத்தான் போனேன். அதற்குள் செல்லாயி அக்கா பாலத்தைத் தாண்டி வந்து வாசலில் நின்றுகொண்டு "ஏன்டி, பத்தடி தள்ளி என் வீடு இருக்கு, அங்க கூட்டிட்டு வந்து உக்கார வைக்க ஒனக்கு யாரு தட சொன்னா?" என்று சத்தம் போட்டார். மறுநாளிலிருந்து காலைப் பலகாரம் முடிந்ததும் அப்பாவைப் பிடித்து மெல்ல நடத்தி அங்கே கொண்டுபோய்விடுவேன். சாயங்காலம் நம் வீடு ஆறின பிறகு திரும்புவோம். அப்பா போகிறார் என்றதும் மாடியில் இருக்கிற மற்றவர்களும் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். முட்டி வலிக்காரர் ஒருவர், பிள்ளை பெற்று வந்திருக்கிற ஒரு பெண், அவளுடைய அம்மா, அர்ச்சுனன் அண்ணன் சம்சாரம். ஹாலில் குழந்தையைப் போட்டு ஆட்ட ஏணை கட்டியாயிற்று. டிவியில் நாடகம் ஓடும். செல்லாயி அக்காவுக்கு ஆள் வந்ததில் தலைகால் புரியவில்லை, தினமும் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பீசாங் கோரேங் பொரித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் மத்தியானம் கதவைத் தட்டிக்கொண்டு மாதுமை வந்தாள், முகத்தில் ஒரே கவலை. வெள்ளை அடித்த இந்த வீட்டில் மத்தியானம் மட்டும் சூடும் ஈரமும் ஏறிக்கொண்டே போகிறது, பூச்சு கெட்டுவிட்டதா, கூரை ஒழுகுகிறதா, என்ன என்று தெரியாமல் பெட்டியைப் பார்க்க வந்திருக்கிறாள். கதவைத் திறந்தால் ஹால் கொள்ளாத கூட்டம், ஏணையில் குழந்தை, சாய்வு நாற்காலியில் அப்பா, கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்கு நேர் மேலே அவளுடைய வெள்ளைப் பெட்டி. பெட்டியையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பார், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், நாங்களும் சிரித்தோம். செல்லாயி அக்கா தட்டை நீட்டி "சாப்பிடும்மா, ஒன் மெசினும் தினம் சாப்பிடுது" என்றார். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே எதற்காக எல்லோரும் இங்கே இருக்கிறார்கள் என்று கேட்டாள். நான் அப்பா விழுந்ததைச் சொன்னேன். அவள் கையில் இருந்த பலகாரத்தை அப்படியே தட்டில் வைத்துவிட்டாள். அப்பாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "எனக்குத் தெரியாது அன்ட்டி, பெட்டியில நம்பர் மட்டுந்தான் வரும்" என்றாள். கண் கலங்கிவிட்டது. எனக்குக் கோபமும் இருந்தது, அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. "அழாத. பி புளோக்க சும்மா விட்டு வச்சாத்தான் ஆகுமா, அத மட்டும் சொல்லு" என்றேன். அதை எல்லோரிடமும் சேர்த்துச் சொல்கிறேன், முடிவு நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்றாள்.

அந்த வாரமே கூட்டம் வைத்தார்கள். வழக்கமாகக் கீழே பூப்பந்து மைதானத்தில்தான் நடக்கும், அப்பாவால் இறங்க முடியாது என்று நம் பாலத்திலேயே நாற்காலி போட்டார்கள். அர்ச்சுனன் அண்ணன் எடுத்த எடுப்பிலேயே அப்பாவைக் காட்டி "நாளைக்கே நான் பெயிண்ட் வாங்கிட்டு வாரேன். தனேஸ் மச்சான் விழுந்து விழுந்து எழும்பட்டும், நாம பெட்டிய பாத்துக்கிட்டு இருக்கலாமா?" என்றார். மாதுமை மறைக்காமல் பேசினாள். "உங்க வீடு அண்ணே, நீங்க அடிச்சா நான் தடுக்க மாட்டேன், நானும் சேர்ந்து அடிப்பேன். ஆனா இந்த வெயில் காலத்துக் கணக்கு பாதியில நின்னுரும். பாதிக் கணக்க எடுத்துட்டு மாநகர் மன்றத்துக்குப் போனா, மழை வந்துச்சு, அதனால சூடு கொறைஞ்சிச்சுன்னுதான் நினைப்பாங்க. மத்த பிளாட்டுக்குக் கேக்க என் கையில ஒண்ணும் இருக்காது." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விழுந்தது என் புருஷன் அல்லவா. எனக்கு அடித்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அதற்குள் அப்பா கையைத் தூக்கினார். கூட்டத்தில் அவர் பேசி நீ பார்த்திருக்கமாட்டாய், நானும் பார்த்ததில்லை. "என்னைய காரணம் காட்டி அடிக்காதீங்க. எனக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அக்கா வீடு இருக்கு, நடந்தா போயிறலாம். மத்த பிளாட்ல மேல் மாடியில கெடக்குற ஆளுக்கு எந்தப் பாலம் இருக்கு? ஏப்ரல் முடியட்டும்." அவ்வளவுதான் சொன்னார். அர்ச்சுனன் அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து நாற்காலியை மடக்க ஆரம்பித்தார்.

எனக்கு வந்ததே கோபம். வீட்டுக்குள் வந்ததும் "ஊருக்கெல்லாம் நல்லவராயிட்டீங்க, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு யாரு?" என்று கேட்டேன். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார், "நீதானே அந்தப் பொண்ணு வரும்போதெல்லாம் கேள்வியா கேட்டுக்கிட்டு இருந்த. பதில் முழுசா வரட்டும்னுதான்." சாப்பாட்டை எடுத்து வைத்தேன்.

பிறகு ஏப்ரல் முடிகிறவரை நாங்கள் காத்திருந்தோம். மாதுமை சும்மா விடவில்லை. ஏ புளோக்கில் பகலில் ஆளில்லாத வேறொரு வீட்டை ஒப்பிட எடுத்துக்கொண்டு, செல்லாயி அக்கா வீட்டைத் தனியாகக் கவனித்தாள், ஒரு குளிர்ந்த ஹாலில் எத்தனை பேர் தாங்கும், ஜன்னலை எப்போது திறந்தால் வெக்கை போகும் என்று. "இது நான் கேக்க நெனைக்காத கேள்வி அன்ட்டி, ஆனா இதுதான் மொதல்ல கேட்டிருக்கணும்" என்றாள். எண்ணெய்ச் சட்டி மட்டும் பின் வராந்தாவுக்குப் போயிற்று. செல்லாயி அக்கா சித்தியவானுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன நாளில்கூட வீட்டுச் சாவியை அப்பா கையில் கொடுத்துவிட்டுத்தான் போனார். வானம் கறுத்துக்கொண்டு வந்து மழை பெய்யாமல் போன நாள்களில் நான் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எத்தனை தடவை நெற்றியைத் தொட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது, "என்னா, நான் இட்லியா?" என்று கோபிப்பார்.

மே மாதம் நம் கூரைக்கு முறை வந்தது. குழு ஆள்கள் பாதி, நம் ஆள்கள் பாதி. மத்தியான மழைக்கு முன்னால் காய வேண்டும் என்று காலையிலேயே தொடங்கினார்கள். நானும் மேலே ஏறினேன், இத்தனை வருஷத்தில் முதல் தடவை. நாம் இதற்குக் கீழேதான் வாழ்கிறோம், ஒரு நாளாவது என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறோமா? ஒரு பக்கம் குளேடாங் மலை, இன்னொரு பக்கம் தூரத்தில் சுண்ணாம்புக் குன்றுகள், நடுவில் சிலிபின் முழுக்க வீடுகள், எத்தனை கூரை, எல்லாம் கறுப்பும் துருவும். பாதி அடித்து முடித்திருந்தார்கள். நான் குந்தி உட்கார்ந்து வெள்ளை காய்ந்த இடத்தில் ஒரு கையும் இன்னும் அடிக்காத தாரில் ஒரு கையும் வைத்தேன். தார் சுட்டதில் இடது கையை வெடுக்கென்று எடுத்துவிட்டேன், வெள்ளையில் வைத்த வலது கை அப்படியே இருந்தது. ஒரே வெயில், ஒரே கூரை. அந்தப் பெண் காட்டிய படத்தையெல்லாம் நான் நம்பினேன்தான், இருந்தாலும் கையில் பட்டபோதுதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. சோலார் தட்டும் வந்துவிட்டது, தண்ணீர் மோட்டார் இப்போது பகலில் வெயிலில்தான் ஓடுகிறது. போன வாரம் மாதுமை முழுக் கணக்கையும் எடுத்துக்கொண்டு மன்றத்துக்குப் போனாள். அங்கே என்ன சொல்வார்கள் என்று தெரியாது. பொறுமையாகக் கேட்டார்கள், இரண்டு கூரையையும் வந்து பார்க்கிறோம் என்றார்கள் என்று சொன்னாள். வந்தால் நான் மைலோ கலக்கி வைப்பேன், வேறென்ன.

இப்போது இதைக் கேள். பூச்சு அடித்து முடிந்த அடுத்த வாரம், நல்ல வெயில் நாள். அப்பா இன்றைக்கு அக்கா வீட்டுக்குப் போகவில்லை, நம் வீட்டிலேயே இருந்து பார்க்கிறேன் என்றார். சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். நான் அடுப்படியில் பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, அசையாமல் இருக்கிறார். எனக்கு உயிரே போய்விட்டது. கிட்டப் போய் மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன். மூச்சு வருகிறது. நிதானமாக, ஆழமாக வருகிறது. நெற்றியைத் தொட்டேன், சூடு இல்லை. அவர் தூங்கிக்கொண்டிருந்தார், பவி. நோய் வந்ததிலிருந்து பகலில் அந்த மனிதர் கண் மூடித் தூங்கி நான் பார்த்ததில்லை. காற்றாடியின் வேகத்தைக் குறைத்துவிட்டு, எதிரே தரையில் உட்கார்ந்து, அவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றிலிருந்து தினமும் தூங்குகிறார்.

நிறைய எழுதிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள். வெறும் ரொட்டியைத் தின்றுகொண்டு இருக்காதே, பருப்பாவது வேகவைத்துச் சோறு சாப்பிடு. காதையும் நெஞ்சையும் மூடிக்கொண்டு வெளியே போ. ஏர்கோன் வேண்டாம் என்றதை மனசில் வைத்துக்கொள்ளாதே, நீ கேட்டதே எங்களுக்குப் பெரிது. நல்ல மனசும் நல்ல ஆயுசும் கொடுத்து, தொட்டதெல்லாம் துலங்கி, நீ நன்றாக இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் தினமும் கும்பிடுகிறோம். ஒன்றை மட்டும் மறக்காதே. நீ காலையில் எழுந்ததும் முதல் வேலையாக எங்களுக்குப் போன் செய்கிற பழக்கம் இருக்கிறதே, அதை இனிமேல் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள். அப்போது இங்கே மத்தியானம், அப்பா தூங்குகிற நேரம்.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அம்மா விமலா
பி புளோக், மேல் மாடி.